கரிம உலோக வேதியியலில் முனைவர் பட்டம்: எந்த ஆய்வகத்தில் சேர்வது?

வெள்ளைக்கல் | ஞாயிறு, இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். என் ஊர் சேலத்தை அடுத்த கருப்பூர்ப் பக்கம். எம்.எஸ்சி. வேதியியல் இறுதிப் பருவத்தில் இருக்கிறேன். அப்பா மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாலையில் அவர் வீடு திரும்பும்போது சட்டை, தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்தக் கல்லுக்குள் மேக்னீசியம் இருக்கிறது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்த நாளில் எனக்கு வேதியியல் பிடித்துப்போனது.

நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்திருக்கிறது. இரண்டு பேராசிரியர்கள் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் ஆய்வகத்தில் ருத்தேனியம், தாமிரம் ஆகியவற்றின் ஷிஃப் கார அணைவுச் சேர்மங்களைத் தயாரிக்கிறார்கள், அதாவது ஆல்டிஹைடும் அமீனும் சேர்ந்து உண்டாகும் மூலக்கூறுகளை உலோக அணுவைச் சுற்றிப் பிணைக்கிறார்கள். அங்கே சேர்ந்தவர்கள் நான்கு ஆண்டில் எட்டு, பத்து கட்டுரைகளோடு வெளியே வருகிறார்கள். இரண்டாவது ஆய்வகம் சிறியது. இரும்பை வினையூக்கியாக வைத்துக் கிரிக்னார்டு வினைகளை, அதாவது மேக்னீசியச் சேர்மத்தைக் கொண்டு கார்பனோடு கார்பனை இணைக்கும் வினைகளை, ஆராய்கிறார்கள். காற்றும் ஈரமும் படக்கூடாத வேலை. ஐந்து ஆண்டு கழித்து இரண்டு கட்டுரைகள் வந்தால் அதிகம் என்று அங்கிருக்கும் அக்கா ஒருவரே சொன்னார்.

வீட்டில் யாரிடமும் கேட்க முடியாது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆராய்ச்சி என்பதை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர்கள் வழி சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை | ஞாயிறு, இரவு 9.50

தங்கை, முதல் ஆய்வகம். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

நான் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மூன்று நல்ல கட்டுரைகள் வைத்திருந்தேன். ஒரு கல்லூரியின் உதவிப் பேராசிரியர் நேர்காணலில் என் கட்டுரைகளின் தலைப்பைக்கூட யாரும் படிக்கவில்லை, எண்ணினார்கள். பன்னிரண்டு வைத்திருந்தவருக்கு வேலை கிடைத்தது. அவர் கெட்டிக்காரர், அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன். முதல் தலைமுறையாகப் படித்து வருகிறவர்கள் முதலில் வேலையில் உட்கார வேண்டும். பெரிய கேள்விகளைப் பிறகு கேட்கலாம்.

ஆர்கான்சிலிண்டர் | ஞாயிறு, இரவு 11.20

அம்மாபேட்டைக்காரன், இப்போது ஐதராபாத்தில் மருந்து நிறுவனம் ஒன்றில் வேலை. மேலே நண்பர் சொன்னது கல்லூரி வேலைக்குப் பொருந்தும். எங்கள் பக்கம் நிலைமை வேறு.

எங்கள் ஆலையில் ஒவ்வொரு வாரமும் பல்லேடியம் வினையூக்கியைக் கொண்டு கார்பனையும் கார்பனையும் இணைக்கிறோம். 2010இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் நோபல் பரிசு பெற்றுத் தந்த வினைகள்தான். வினை முடிந்ததும் உண்மையான தலைவலி ஆரம்பிக்கும். வாய்வழி உட்கொள்ளும் மருந்தின் மூலம் ஒரு நாளில் உடலுக்குள் போகும் பல்லேடியம் 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அந்த மிச்சத்தைப் பிரித்தெடுக்க நாங்கள் படும் பாடு கொஞ்சமில்லை. அதே இணைப்பை இரும்பால் செய்ய முடிந்தால் விலையும் குறையும், நச்சுக் கவலையும் குறையும். அதனால் இரண்டாவது ஆய்வகத்தின் வேலைக்கு ஆலையில் மதிப்பு உண்டு.

நேர்காணலுக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "உங்கள் வினை ஒரு நாள் நின்றுபோனால் காரணத்தை எப்படித் தேடுவீர்கள்?" நாற்பது அணைவுகள் செய்தவர் தடுமாறியதையும் பார்த்திருக்கிறேன். ஒரே வினையோடு நான்கு ஆண்டு மல்லுக்கட்டியவர், ஈதரில் ஈரம் இருந்ததா, மேக்னீசியத்தின் மேல் ஆக்சைடு படலம் இருந்ததா, ரப்பர் மூடி கசிந்ததா என்று வரிசையாகச் சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.

கோரிமேடு | திங்கள், காலை 6.05

வெள்ளைக்கல், வாழ்த்துகள் அம்மா. கனிம வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரை எண்ணிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். பாடத்தில் இவர் பெயர் ஒரு வரியில் வந்து போகும், ஆனால் அந்த வாழ்க்கை ஒரு வரிக்குள் அடங்காது.

ஆல்ஃபிரட் வெர்னர். 1893இல் அணைவுச் சேர்மங்களுக்கான கொள்கையை வெளியிட்டபோது அவருக்கு வயது 26. ஒரு நாள் அதிகாலை 2 மணிக்கு விடை மனத்தில் தோன்றி விழித்துக்கொண்டார், அன்று மாலை 5 மணி வரை எழுதினார் என்பார்கள். உலோக அணுவைச் சுற்றி ஆறு ஈனிகள் (உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள் அல்லது அயனிகள்) எண்முகியாக நிற்கின்றன என்பது அந்தக் கொள்கையின் மையம். ஆனால் அந்தக் கட்டுரைக்காக அவர் செய்த சோதனை என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. அவர் எடுத்தாண்ட சேர்மங்களில் பெரும்பகுதி டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கென்சன் பல ஆண்டுகள் உழைத்துத் தயாரித்தவை. யோர்கென்சனோ வெர்னரின் கொள்கையை ஏற்கவில்லை.

வெர்னரின் கணக்குப்படி, நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் கொண்ட கோபால்ட் அணைவுக்கு இரண்டு மாற்றியங்கள், அதாவது அதே அணுக்கள் வேறு வேறாக அமைந்த இரண்டு வடிவங்கள், இருந்தாக வேண்டும். பச்சை நிறத்தது எல்லாருக்கும் தெரியும். ஊதா நிறத்ததை யாரும் கண்டதில்லை. "எங்கே அந்த ஊதா?" என்று எதிர்த்தரப்பு கேட்டது, நியாயமான கேள்விதான். வெர்னர் ஜூரிச் நகரில் உட்கார்ந்து மாணவர் தலைமுறை ஒன்றையே அந்தக் கேள்வியில் பழக்கினார். 1907இல் ஊதா கிடைத்தது. பதினான்கு ஆண்டுகள்! யோர்கென்சன் தன் எதிர்ப்பைக் கைவிட்டார். வெர்னர் அதோடும் நிற்கவில்லை. எண்முகி என்பது உண்மையானால் சில அணைவுகள் இடக்கை, வலக்கை போல இரு வடிவில் இருக்க வேண்டும். 1911இல் அவற்றையும் பிரித்துக் காட்டினார். 1913இல் நோபல் பரிசு. 1919இல், 52 வயதில், இறந்துபோனார்.

வெர்னர் ஏராளமாக எழுதினார், ஏராளமான சேர்மங்களைச் செய்தார். எண்ணிக்கை அவரிடமும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு குடுவையும் அந்த ஒரே கேள்வியை நோக்கித்தான் கொதித்தது. நீங்கள் ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, "எத்தனை கட்டுரை?" என்று கேட்க வேண்டாம். "இங்கே என்ன கேள்வி ஓடுகிறது?" என்று கேளுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை | திங்கள், காலை 8.30

ஐயா, மதிப்போடு மறுக்கிறேன். வெர்னருக்கு 29 வயதுக்குள் பேராசிரியர் பதவி கிடைத்துவிட்டது. அதன் பிறகு பதினான்கு ஆண்டு காத்திருப்பது வேறு. உதவித்தொகை நின்றதும் வீட்டு வாடகைக்கு வழி தேட வேண்டிய பெண்ணிடம் அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷிஃப் கார அணைவு என்றாலே நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். "சாலிசிலால்டிஹைடு, ஒரு அமீன், ஒரு உலோகம், நான்கு பாக்டீரியா மேல் சோதனை, ஒரு கட்டுரை" என்று சொல்லித் தள்ளிவிடுகிறோம். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் அந்த வேதியியல் வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. க்ளோவ் பாக்ஸ் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி) இல்லாத ஆய்வகத்தில், அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில், காற்றில் கெடாத சேர்மத்தைத்தான் செய்ய முடியும். எங்கள் நெறியாளர் அப்படித்தான் இருபது பேரைப் படிக்க வைத்தார். அவர்களில் பலர் இன்று ஊர் ஊராக வேதியியல் கற்பிக்கிறார்கள்.

கோரிமேடு | திங்கள், காலை 9.15

நீங்கள் சொன்னது சரி, ஏற்றுக்கொள்கிறேன். வெர்னரின் பதவியை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஷிஃப் காரத்தை நானும் குறை சொல்ல மாட்டேன், என் மாணவர்களும் அதில்தான் வேலை செய்தார்கள். ஒரே ஈனியில் ஆக்ஸிஜனுக்குப் பதில் கந்தகத்தை வைத்தால் ருத்தேனியத்தின் நடத்தை ஏன் மாறுகிறது என்று கேட்டு, அதற்காகப் பத்து அணைவு செய்தால் அது ஆராய்ச்சி. பத்து அணைவைச் செய்த பிறகு கேள்வியைத் தேடக்கூடாது. எளிய கருவிகளோடும் நல்ல கேள்வி கேட்கலாம் என்பதற்கு யோர்கென்சனே சாட்சி. அவர் தோற்ற பிறகும் அவருடைய சேர்மங்கள் தோற்கவில்லை.

மேட்டூர்பாட்லைன் | திங்கள், மாலை 7.40

நான் முனைவர் இல்லை. மேட்டூர் அலுமினிய ஆலையில் பாட்லைனில், அதாவது அலுமினியம் பிரிக்கும் மின்கலன்களான பாட்களின் வரிசையில், வேலை பார்த்தவன். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் எங்களிடம் வரும். காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரிப்பார்கள், செம்மண் சேறு மிஞ்சும். அலுமினாவை 950 டிகிரியில் உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் அடியில் அலுமினியம் தேங்கும். அந்த உருக்காலை இப்போது இல்லை. ஆனால் அலுமினியம் என்றால் நாடி இன்னும் துடிக்கும்.

அலுமினியத்தால் பாத்திரம் செய்வார்கள், கம்பி செய்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகன் பொறியியல் படிக்கும்போது கார்ல் சீக்லர் கதையைச் சொன்னான். ஜெர்மனியின் மூல்ஹைமில் அவர் அலுமினியத்தோடு எத்தில் தொகுதிகளைச் சேர்த்த ஒரு திரவத்தை வைத்து எத்திலீன் மூலக்கூறுகளைச் சங்கிலியாக நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் சங்கிலி நீளவில்லை. இரண்டு எத்திலீன் சேர்ந்து பியூட்டீனாக நின்றுவிட்டது. வேறொருவராக இருந்தால் கலனைக் கழுவிவிட்டு மறுபடி தொடங்கியிருப்பார். இவர்கள் ஏன் என்று தேடினார்கள். எஃகுக் கலனில் ஒட்டியிருந்த நிக்கல்தான் காரணம், அதுவும் மிகச் சிறிய அளவு. துளி நிக்கல் இப்படிச் செய்தால் மற்ற உலோகங்கள் என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். 1953இல் டைட்டானியம் சேர்த்தபோது சாதாரண அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் வந்தது. 1963இல் நாட்டாவோடு சேர்த்து நோபல் பரிசு. இன்று நம் வீடுகளில் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் குடத்துக்கு மூலம் அந்த வேலை.

ஆலையில் நாங்கள் செய்ததும் அதுதான். ஒரு பாட் மட்டும் சரியாக ஓடவில்லை என்றால் அதன் பக்கத்திலேயே நிற்போம். மகளே, ஒரு சோதனை கெட்டுப்போன நாளில் எந்த ஆய்வகம் உங்களைத் திட்டாமல், பக்கத்தில் வந்து நின்று பார்க்கும் என்று விசாரியுங்கள்.

ஏற்காட்டுஆசிரியை | செவ்வாய், இரவு 8.20

இதுவரை யாரும் பணத்தைப் பற்றி விவரமாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு முடிந்து மதிப்பீட்டில் தேறினால் 42,000. இரண்டும் சேர்த்து ஐந்து ஆண்டு. அதற்குமேல் ஆய்வேடு இழுத்தால் கையில் இருப்பதைக் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். தொகை மாதாமாதம் வந்துவிடும் என்றும் நம்பியிருக்காதீர்கள். என் தம்பி படித்த இடத்தில் ஒரு முறை ஏழு மாதம் வரவில்லை. ஏதோ ஒரு கையெழுத்து விட்டுப்போயிருந்ததாம். அந்த ஏழு மாதம் என் சம்பளத்தில்தான் அவன் விடுதிச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டினேன். முதல் ஆண்டிலேயே ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை அப்பா கேட்டாலும் தராதீர்கள்.

நெறியாளருக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்று கேளுங்கள். என் தம்பியின் நெறியாளர் பாதியில் ஓய்வு பெற்றார். புதியவருக்கு அந்தத் துறையில் ஆர்வம் இல்லை.

அந்த ஆய்வகங்களில் இருக்கும் பெண்களோடு தனியாக, ஆய்வகத்துக்கு வெளியே பேசுங்கள். இரவு எட்டு மணிக்கு வினை முடிந்தால் விடுதிக்கு எப்படிப் போகிறார்கள், உடல்நிலை சரியில்லாத நாளில் யார் வேலையைப் பார்த்துக்கொள்கிறார்கள், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கல் | செவ்வாய், இரவு 10.05

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் கேட்கச் சொன்னவற்றை நோட்டில் எழுதிக்கொண்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் இரண்டு ஆய்வகங்களையும் நேரில் பார்க்கப் போகிறேன்.

ஐயா, இரும்பு ஆய்வகத்தின் கேள்வி என்னவென்று எனக்கு இன்னும் தெளிவாகத் தெரியவில்லை. போவதற்கு முன் என்ன படிக்க வேண்டும்?

கோரிமேடு | புதன், காலை 5.50

விக்டர் கிரிக்னார்டில் தொடங்குங்கள். முதலில் கணிதம் படித்தவர். லியோன் நகரில் அவருடைய ஆசிரியர் பார்பியே துத்தநாகத்துக்குப் பதிலாக மேக்னீசியத்தைப் போட்டுப் பார்த்தார். ஆனால் வினை சீராக நடக்கவில்லை. மாணவர் அதை இரண்டு படிகளாகப் பிரித்தார்: முதலில் உலர்ந்த ஈதரில் மேக்னீசியச் சேர்மத்தை உருவாக்குவது, பிறகு மற்றதைச் சேர்ப்பது. 1900இல் அது வெளியானது, 1912இல் நோபல் பரிசு.

அடுத்து 1971. தமுராவும் கோச்சியும் கிரிக்னார்டு வினைப்பொருளை வினைல் புரோமைடோடு இணைக்க இரும்பு குளோரைடு போதும் என்று காட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு குமாடாவும் கோர்யுவும் தனித்தனியாக நிக்கலைக் கொண்டு இத்தகைய இணைப்பைச் செய்தார்கள். பிறகு பல்லேடியம் வந்தது. உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. இரும்பு முப்பது ஆண்டுகள் ஓரமாகக் கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பல்லேடியம் இரண்டிரண்டு எலக்ட்ரானாகக் கொடுத்து வாங்கும், அதன் சுழற்சியைப் படம் போட்டு விளக்கலாம். இரும்பு ஒற்றை எலக்ட்ரானையும் கைமாற்றும், பல ஆக்ஸிஜனேற்ற நிலைகளில் (எத்தனை எலக்ட்ரான் இழந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் நிலை) நிற்கும். அது பெரும்பாலும் காந்தத்தன்மை கொண்ட நிலையில் இருப்பதால் மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் வழக்கமான கூர்மையான கோடுகள் கிடைக்காது. வினை நடக்கும், எது நடத்துகிறது என்பது பிடிபடாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் வெள்ளைக்கல் மண்ணிலிருந்து வருகிறீர்கள். மேக்னசைட்டைச் சுட்டால் மேக்னீசியா, எஃகு உலைச் செங்கலுக்கு அது வேண்டும் என்றுதான் உங்கள் அப்பா காலமெல்லாம் அந்தக் கல்லை வெட்டியனுப்பினார். மேற்கே சித்தர் கோவிலுக்குப் பின்னால் நிற்கும் கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் இரண்டையும் தொட்டுவிடலாம். அந்த இரண்டு உலோகங்களும் ஒரே குடுவையில் சந்திக்கும் வினையைத்தான் நீங்கள் படிக்கப் போகிறீர்கள்.

ஆர்கான்சிலிண்டர் | புதன், இரவு 11.45

ஐயாவின் பட்டியலில் 2009ஐயும் சேர்க்க வேண்டும். இரும்பு குளோரைடு வினையூக்கி என்று வெளியான சில இணைப்பு வினைகளை புக்வால்ட், போல்ம் என்ற வேதியியலாளர்கள் இருவரும் மறுபடி செய்து பார்த்தார்கள். மிகத் தூய்மையான இரும்பு குளோரைடை எடுத்தபோது விளைச்சல், அதாவது கிடைக்கும் விளைபொருளின் அளவு, சரிந்தது. அதில் பத்து லட்சத்தில் சில பங்கு தாமிரத்தைச் சேர்த்ததும் மீண்டது. இரும்பு என்று நினைத்ததில் தாமிரம் வேலை செய்திருந்தது. மேட்டூர் ஐயா சொன்ன நிக்கல் கதையேதான். அதன் பிறகு இரும்பைப் பற்றி எழுதுகிறவர்கள் உப்பின் தூய்மையைச் சொல்லாமல் கட்டுரை அனுப்ப முடிவதில்லை.

வெள்ளைக்கல் | சனி, மாலை 6.30

இரண்டு இடத்துக்கும் போய்வந்தேன். சற்று நீளமாக எழுதுகிறேன், மன்னியுங்கள்.

முதல் ஆய்வகம் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. ருத்தேனியத்தில் வேலை செய்யும் ஓர் அண்ணன் தன் படிகங்களைக் காட்டினார். ஒரு படிகத்துக்காக மூன்று மாதம் கரைப்பான்களை மாற்றி மாற்றிக் காத்திருந்தாராம். அவரிடம் கேள்வி இருந்தது. மற்றவர்களிடம், "அடுத்து என்ன உலோகம்?" என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. ஆனால் உதவித்தொகை அங்கே நேரத்துக்கு வருகிறது, பெண்கள் தயங்காமல் பேசினார்கள்.

இரும்பு ஆய்வகத்தில் க்ளோவ் பாக்ஸ் பழுதாகி நெடுநாளாக மூடிக் கிடக்கிறது. காற்றை வெளியேற்றி மந்த வாயுவை நிரப்பும் குழாய் அமைப்பான ஷ்லெங்க் லைனில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. அன்று வெயில் 39 டிகிரி. ஈதர் 35 டிகிரியிலேயே கொதிக்கும் என்பதால் காலை ஆறு மணிக்கே வினையைத் தொடங்கியிருந்தார்கள். கண்டென்சருக்குப் போகும் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கட்டிகள் போட்டிருந்தார்கள். ஒரு அயோடின் துணுக்கைப் போட்டதும் பழுப்பு நிறம் மெல்ல மறைந்து, மேக்னீசியச் சீவல்களின் ஓரத்தில் குமிழ்கள் வந்தன. இதை எம்.எஸ்சி. செய்முறை வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே குடுவையைச் சுற்றி நான்கு பேர் பேசாமல் நின்று பார்த்தார்கள்.

பிறகு இரும்பு உப்பைச் சேர்த்தார்கள், நிறம் கருத்தது, விளைச்சல் வரவில்லை. பேராசிரியர் யாரையும் திட்டவில்லை. இரும்பு உப்பின் பழைய புட்டியையும் புதிய புட்டியையும் எடுத்துவரச் சொல்லி, இரண்டிலும் ஒட்டியிருந்த தயாரிப்புத் தொகுதி எண்களை நோட்டில் எழுத வைத்தார். அவர் ஓய்வு பெற இன்னும் பதினோரு ஆண்டு இருக்கிறது, அக்கா. இரண்டு முறை உதவித்தொகை தாமதமாகியிருக்கிறது. இரவு வேலைக்குத் துணையில்லாமல் யாரையும் விடுவதில்லை.

நான் இரண்டாவதில் சேர்கிறேன். அப்பாவிடம் சொன்னேன். "அந்தக் கல்லுக்குள் இருப்பதை வைத்து மருந்து செய்வார்களா?" என்று கேட்டார். மருந்து செய்யும் வழியில் ஒரு படி என்று சொன்னேன். வெகுநேரம் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்ப்பேட்டை | சனி, இரவு 8.00

என் கருத்து மாறவில்லை, தங்கை. ஆனால் நீங்கள் நேரில் பார்த்து முடிவெடுத்திருக்கிறீர்கள், நான் அன்று அப்படிச் செய்யவில்லை. முதல் ஆய்வகத்து அண்ணனின் தொடர்பை விடாதீர்கள். படிகம் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், இரும்பிலும் அது உதவும், கூட்டாக ஒரு கட்டுரையும் வரும். விண்ணப்பம், நேர்காணல் எதற்கு வேண்டுமானாலும் எனக்கு எழுதுங்கள், உட்கார்ந்து திருத்தித் தருகிறேன்.

வெள்ளைக்கல் | ஞாயிறு, காலை 7.10

நன்றி அண்ணா, கட்டாயம் எழுதுவேன்.

கோரிமேடு ஐயா, நீங்கள் தேடச் சொன்ன ஆய்வகத்தின் கேள்வியை ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன்: "கிரிக்னார்டு வினைப்பொருளைச் சேர்த்ததும் கார்பன்-கார்பன் பிணைப்பை உருவாக்கும் இரும்பு எந்த ஆக்ஸிஜனேற்ற நிலையில் இருக்கிறது?" சரியா?

கோரிமேடு | ஞாயிறு, காலை 7.35

நன்றாக இருக்கிறது அம்மா. ஆனால் பிணைப்பை உருவாக்குவது இரும்பு என்பதை நீங்கள் முன்பே முடிவு செய்துவிட்டீர்கள். அந்த இரண்டு புட்டிகளையும் நினைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

வெள்ளைக்கல் | ஞாயிறு, காலை 8.02

"கிரிக்னார்டு வினைப்பொருளைச் சேர்த்ததும் கார்பன்-கார்பன் பிணைப்பை உருவாக்குவது இரும்புதானா? இரும்பு என்றால், எந்த ஆக்ஸிஜனேற்ற நிலையில்?"

நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன், ஐயா.